மாட்டிறைச்சி ஏறாத வீட்டில் ஸ்டேக்: எந்தத் துண்டு, எந்தச் சட்டி?

தங்கை மகன் போன மாதம் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரத்திலேயே கிளென்வுட் பக்கம் தனியாக ஒரு ஃப்ளாட் பிடித்துக்கொண்டு போனான். அடுப்பும் ஃப்ரிட்ஜும் வீட்டுக்காரர் கொடுத்தது. பாத்திரம்தான் ஒன்றும் இல்லை. “மாமா, இப்போதைக்கு ஒரே ஒரு நல்ல சட்டிதான் வாங்க முடியும். சனிக்கிழமை ராத்திரி வீட்டிலேயே ஸ்டேக் செய்யணும். எதை வாங்கட்டும்?” என்று கேட்டான். வார்ப்பிரும்பு வாங்கு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் என்ன அடுப்பு, எந்த இறைச்சி, யார் யார் சாப்பிட வருவார்கள் என்று கேட்கக் கேட்க, பதில் அவ்வளவு சுலபம் இல்லை என்று பட்டது. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் இறைச்சி. ஸ்டேக் என்றால் இந்த ஊரில் மாட்டிறைச்சி என்றுதான் அர்த்தம். ரம்ப், சர்லாயின், ரிப்-ஐ என்று எல்லாக் கடையிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் கூட்டம் வந்து இறங்கிய நாளிலிருந்து இங்கே வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களில், பல வீடுகளில் இன்றும் மாட்டிறைச்சி அடுப்பில் ஏறாது. எங்கள் வீடும் அப்படித்தான். அந்த வீடுகளுக்கு இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன: நெருப்புக்கோழி ஸ்டேக், லாம்ப் சாப்ஸ் என்கிற எலும்போடு வெட்டிய இளம் ஆட்டுத் துண்டு. மாட்டிறைச்சி சமைக்கிறவர்களுக்கும் கீழே சட்டியைப் பற்றிச் சொல்வது அப்படியே பொருந்தும்.

நெருப்புக்கோழிக்குப் பெயரில்தான் கோழி. நெஞ்சில் சதை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத பறவை அது. இறைச்சியெல்லாம் தொடையிலிருந்தும் காலிலிருந்தும் வருகிறது. நாள் முழுக்க நடக்கிற, ஓடுகிற தசை என்பதால் நல்ல அடர் சிவப்பு. மேற்குக் கேப் மாகாணத்தில் அவுட்ஸ்ஹோர்ன் வட்டாரம்தான் இதற்குப் பேர்போனது. ஒரு காலத்தில் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிக்காக இறகு விற்றே அங்கே மாளிகை கட்டினார்கள். 1914இல் இறகுச் சந்தை படுத்தது. இன்றைக்கு நமக்கு அங்கிருந்து வருவது இறைச்சி. ஃபேன் ஃபில்லட் என்று விற்கும் தொடைத் துண்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள், அவ்வளவு மென்மை. இந்த இறைச்சியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது: உள்ளே கொழுப்பு மிகக் குறைவு. காப்பாற்றக் கொழுப்பு இல்லாததால் ஒரு நிமிடம் கூடப் போனாலும் வேகவைத்த ஈரல் மாதிரி வறண்டுவிடும்.

லாம்ப் சாப்ஸ் நேர் எதிர். ஓரத்தில் விரல் கனத்துக்குக் கொழுப்பு, நடுவில் எலும்பு. கொஞ்சம் கூட வெந்தாலும் மன்னித்துவிடும். வாங்கும்போது அந்தக் கொழுப்பு விளிம்பைப் பாருங்கள். இங்கே ஆட்டையும் மாட்டையும் பல்லை வைத்து வயதுக்கணக்கில் வகுத்து, உடல் நெடுக வண்ண மையில் முத்திரை உருட்டுகிறார்கள். ஊதா என்றால் ஏ வகுப்பு, நிலைப்பல் முளைக்காத இளசு. பச்சை ஏபி, பழுப்பு பி, சிவப்பு சி. சட்டியில் சட்டென்று வாட்டி எடுக்க ஊதாதான் வேண்டும். சிவப்பு முத்திரை விழுந்த முற்றல் ஆடு குழம்புக்கு அருமையாக இருக்கும், ஸ்டேக்குக்கு ஆகாது.

சரி, சட்டி. ஒரு துண்டு இறைச்சி நம்மிடம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை கேட்கிறது. மேலே பொன்னிறத்தைத் தாண்டி நல்ல பழுப்பில் வறுபட வேண்டும், அதற்கு மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸுக்கு மேலே போயாக வேண்டும். உள்ளே 55 டிகிரியைச் சுற்றி நிற்க வேண்டும். மேலே ஈரம் இருக்கிறவரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், கறி வறுபடாமல் வெறுமனே வேகும். ஆகவே சட்டி எவ்வளவு வேகமாக மேற்பரப்பை வறட்டிப் பழுப்பாக்குகிறதோ, அவ்வளவுக்கு உள்பக்கம் தப்பிக்கும். சாப்ஸில் இது தாமதமானாலும் சமாளிக்கலாம். நெருப்புக்கோழியில் முடியாது. வேகமாக வாட்டினால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் வாட்டின துண்டிலிருந்தும் சாறு கசியத்தான் செய்கிறது. வாட்டுவது ருசிக்காக.

இங்கேதான் வார்ப்பிரும்பு ஜெயிக்கிறது, ஆனால் பலர் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்பு மந்தம், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்கு தேறினால் அதிகம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதிலும் அலுமினியம்தான் இரண்டு மடங்கு. இரும்புச் சட்டியின் பலமெல்லாம் அதன் கனத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டு 26 செ.மீ. வார்ப்பிரும்புச் சட்டி 2.3 கிலோ. அதே அகல நான்ஸ்டிக் சட்டி 700 கிராம். கணக்குப் போட்டால் இரும்புச் சட்டி ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. அதோடு நான்ஸ்டிக் போகக் கூடாத சூட்டுக்கும் அது தைரியமாகப் போகும். குளிர்ந்த இறைச்சி விழுந்ததும் மெல்லிய சட்டி துவண்டுபோகிறது, இது தாங்கி நிற்கிறது.

அந்த மந்தத்துக்கு ஒரு விலை உண்டு. அவசரப்பட்டால் நடுவில் மட்டும் கொதிக்கும், ஓரம் ஆறிக்கிடக்கும். மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் சும்மா சூடேற விட வேண்டும். சட்டியை நடுவில் ஒரு தடவை கால் வட்டம் திருப்பி வைப்பேன்.

போன சனிக்கிழமை நானே செய்ததைச் சொல்கிறேன். இரண்டரை செ.மீ. கனத்தில் இரண்டு நெருப்புக்கோழித் துண்டுகள். சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே உப்புத் தடவி, தட்டில் மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்தேன். உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும், அப்புறம் அந்தத் தண்ணீர் உப்போடு உள்ளே திரும்பிப் போகும். முக்கால் மணி நேரமாவது கொடுக்க முடியாவிட்டால் சட்டியில் போடுகிற நொடியில் உப்புப் போடுங்கள். இடைப்பட்ட நேரம்தான் மோசம், மேலே ஈரம் நிற்கும். எடுத்ததும் துணியால் ஒற்றி, ஒற்றி, துணியில் ஈரம் ஒட்டாமல் போகும் வரை துடைத்தேன். சூரியகாந்தி எண்ணெயைச் சட்டியில் ஊற்றாமல் இறைச்சியின் மேல் தடவினேன். வைத்ததும் வந்த சத்தம் மழை தகரத்தில் விழுகிற மாதிரி ஒரே சீராக இருந்தது. அந்தச் சத்தம் தளர்ந்து கொதிக்கிற சத்தமாக மாறினால் சட்டி போதிய சூட்டில் இல்லை. இரண்டரை நிமிடத்தில் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்க, ஓரம் வரை ஒரே பழுப்பு. ஒரு கரண்டி நெய், நசுக்கிய பூண்டு இரண்டு பல், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. சட்டியைச் சாய்த்து அந்த நெய்யை ஸ்பூனால் மேலே ஊற்றிக்கொண்டே இருந்தேன். கறிவேப்பிலை பொரிந்து படபடத்து அடங்கியபோது தெர்மாமீட்டர் 52 காட்டியது. எடுத்துத் தட்டில் ஐந்து நிமிடம் வைத்தேன், தானாகவே 56க்கு ஏறியது. வெண்ணெய்க்குப் பதில் நெய் போடுவது நம் வீட்டுப் பழக்கம் என்பதற்காக மட்டும் இல்லை. வெண்ணெயில் இருக்கிற பால் திப்பி இந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். நெய்யில் அது ஏற்கெனவே நீங்கிவிட்டது.

லாம்ப் சாப்ஸை அதே சட்டியில் வேறு மாதிரி தொடங்க வேண்டும். இடுக்கியால் நான்கைந்து சாப்ஸைச் சேர்த்துப் பிடித்து, கொழுப்பு விளிம்பு கீழே இருக்கிற மாதிரி நிற்க வையுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் கொழுப்பு உருகிச் சட்டியில் இறங்கும், விளிம்பு மொறுமொறுப்பாகும். அப்புறம் அந்தக் கொழுப்பிலேயே படுக்க வைத்துப் பக்கத்துக்கு மூன்று நிமிடம். எண்ணெயே தேவையில்லை.

மசாலா விஷயத்தில் டர்பன்காரர்கள் எல்லோரும் ஒரு முறையாவது ஏமாந்திருப்போம். சிவப்பு மசாலா, இஞ்சி பூண்டு அரைத்துப் பூசி ராத்திரி முழுக்க ஊறவைத்த சாப்ஸைக் கொதிக்கிற வார்ப்பிரும்பில் போட்டால், இறைச்சி பழுப்பாகும் முன் மசாலா கரியாகிவிடும். வார்ப்பிரும்பில் வாட்டுவதென்றால் முதலில் உப்பு மட்டும் போதும். மசாலாவைக் கடைசி அரை நிமிடத்தில் நெய்யில் தூவுங்கள். ஊறவைத்த சாப்ஸ்தான் வேண்டும் என்றால் அது பிராய்க்கு, அதாவது வெளியே கரி மூட்டிக் கம்பியில் சுடுவதற்கு, உரியது.

நான்ஸ்டிக் சட்டியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. முட்டைக்கும் மீனுக்கும் நல்லது. ஸ்டேக்குக்கு வேண்டிய சூடு அந்தப் பூச்சுக்கு ஆகாது. 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும், வெறும் சட்டியைப் பெரிய தீயில் சில நிமிடம் மறந்துவிட்டாலே அந்த அளவுக்கு ஏறிவிடும். அதிலிருந்து வரும் புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். வீட்டில் கிளி வளர்க்கிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் உண்மையான போட்டி. அடி கனத்த, நடுவில் அலுமினியத் தகடு வைத்த ஸ்டீல் சட்டி நன்றாகவே வாட்டும். முதலில் ஒட்டும், பழுப்பானதும் தானாக விடும், அவசரப்பட்டுப் பிய்க்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு இடத்தில் அது வார்ப்பிரும்பையே முந்துகிறது: சாப்ஸ் சட்னி. நம் வீடுகளில் சாப்ஸ் என்றாலே பாதி நேரம் தக்காளிச் சட்னியில் புரட்டியதுதான். வாட்டி எடுத்த சட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற பழுப்புதான் அந்தச் சட்னிக்கு உயிர். வார்ப்பிரும்பு வாங்கிய இரண்டாவது நாளே நான் அதில் தக்காளி போட்டு முக்கால் மணி நேரம் சுண்ட விட்டேன். சட்னியில் ஆணியை நக்கின மாதிரி ஒரு சுவை வந்தது. கழுவியபோது சட்டியின் அடி சாம்பல் நிறத்தில் வெளுத்திருந்தது. தக்காளியின் புளிப்பு, இன்னும் இளசாக இருந்த எண்ணெய்ப் படலத்தைத் தின்றுவிட்டது. இன்று அதே சட்டி நன்றாகப் பழகிவிட்டது. ஐந்து நிமிடத் தக்காளியைத் தாங்கும். ஆனாலும் நீளச் சட்னிக்கு ஸ்டீலைத்தான் எடுக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் ஸ்டேக், மூன்று நாள் சாப்ஸ் சட்னி என்கிற வீடானால், ஒரே சட்டிதான் வாங்க முடியும் என்றால், ஸ்டீல் வாங்குங்கள்.

தோசைக்கல் வீட்டிலேயே இருக்கிறதே என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. பழகிய இரும்புக் கல்லும் இதுவும் ஒரே குடும்பம். சட்டியைப் பழக்குவது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய வித்தையும் இல்லை: எண்ணெயை மெல்லிசாகத் தடவி, துடைத்து, சூடேற்றி, ஆற விட்டு, திரும்பத் திரும்ப. ஓவன் இருந்தால் அதில் 230 டிகிரியில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்தால் இன்னும் சீராக இறுகும். ஆனால் கல்லுக்குச் சுவர் கிடையாது. உருகுகிற கொழுப்பு வழிந்து தீயில் விழும், நெய்யை அள்ளி ஊற்ற முடியாது. அதைவிட முக்கியமாக, இரும்பு வாசனையைப் பிடித்துவைக்கும். புரட்டாசி முழுக்கச் சைவம் இருக்கிற வீட்டில், விரதத்துக்குத் தனிப் பாத்திரம் வைத்திருக்கிற வீட்டில், தோசைக்கல்லில் கறி படக் கூடாது. அம்மா கொடுத்த கல்லைத் தோசைக்கே விட்டுவிடு என்றுதான் மருமகனிடமும் சொன்னேன்.

புரட்டாசி என்றதும் பிராய் ஞாபகம் வருகிறது. செப்டம்பர் 24, பாரம்பரிய நாள். நாடு முழுக்க அதைப் பிராய் நாளாகவே கொண்டாடுகிறது. தெருவெல்லாம் புகை. அது எந்த வருடமும் புரட்டாசிக்குள்தான் விழும். அன்றைக்கு விரத வீடுகளில் கம்பியில் ஏறுவது சோளமும் உருளைக்கிழங்கும்தான், இறைச்சி அக்டோபர் நடுவில் புரட்டாசி முடிந்த பிறகு. காத்திருந்து பற்றவைக்கிற அந்த முதல் பிராய்க்கு எந்தச் சட்டியும் ஈடில்லை என்பதை மனதாரச் சொல்கிறேன். ஊறவைத்த சாப்ஸ், பத்துப் பன்னிரண்டு பேர், கரி வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகு மிதமான சூடு. கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகைதான் அந்த ருசி. சட்டியில் அது வராது. ஆனால் நெருப்புக்கோழியை நான் பிராய்க்குக் கொடுப்பதில்லை. கம்பி தொடுகிற இடத்தில் மட்டும் கோடு விழும், மற்ற இடம் வெளிறிக் கிடக்கும், அதற்குள் உள்ளே வறண்டிருக்கும். சொட்டுவதற்குக் கொழுப்பும் இல்லை, புகையும் இல்லை. இரண்டு பேருக்கு ஒரு வாரநாளில் கரி பற்றவைத்து முக்கால் மணி நேரம் காத்திருப்பதும் நடக்கிற காரியம் இல்லை. காஸில் வைக்கிற ஸ்கொட்டல் தட்டு முற்றத்தில் காலை உணவுக்கு நல்லது. குழிந்த அடியில் எண்ணெய் நடுவுக்கே ஓடும், ஸ்டேக்குக்குச் சமதளம் வேண்டும்.

அடுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2023இல் மின்வெட்டு ஒரு நாளில் பல மணி நேரம் தின்ற காலத்தில் எத்தனையோ வீடுகள் காஸுக்கு மாறின. காஸில் வார்ப்பிரும்புக்கு எந்தச் சிக்கலும் இல்லை. பழைய மின்தட்டு அடுப்பும் நல்ல ஜோடிதான், இரண்டும் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். மருமகன் ஃப்ளாட்டில் இருப்பது கண்ணாடி அடுப்பு. அதில் சட்டியை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும், கீழே போட்டால் கண்ணாடி போய்விடும். இண்டக்‌ஷன் என்றால் ஆரம்பத்திலேயே முழுச் சூட்டில் வைக்காமல் படிப்படியாக ஏற்ற வேண்டும். எந்த அடுப்பானாலும் புகை வரும். ஜன்னலைத் திறந்துவிட்டுத் தொடங்குங்கள்.

டர்பன் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் துரு சீக்கிரம் பிடிக்கும். கழுவியதும் அடுப்பில் வைத்துக் காய்ச்சி, சூடாக இருக்கும்போதே ஒரு சொட்டு எண்ணெய் துடைத்து வைக்க வேண்டும். இந்த இரண்டு நிமிடம் முடியாது என்கிறவர்களுக்கு வார்ப்பிரும்பு வேண்டாம்.

இன்னொன்றும் அவனிடம் கேட்டேன். யார் சாப்பிடப்போகிறார்கள்? அவன் தாத்தாவும் பாட்டியும் சனிக்கிழமை வருவார்கள். இரண்டு பேருமே இளஞ்சிவப்பாக இருக்கிற இறைச்சியைத் தொடமாட்டார்கள், ரத்தம் என்பார்கள். அது ரத்தம் இல்லை, தசையில் இருக்கிற மயோகுளோபின் என்கிற புரதத்தின் நிறம்தான். ஆனால் எழுபது வயதுக்கு மேல் ஒருவரிடம் அதை வாதாடி ஜெயிக்க வேண்டியதில்லை. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நன்றாக வெந்ததைக் கொடுப்பதே நல்லது. அவர்களுக்கு நெருப்புக்கோழியை 70 டிகிரி வரை வேகவைத்துக் கெடுக்க வேண்டாம். லாம்ப் சாப்ஸ் கொடுங்கள், கொழுப்பு காப்பாற்றிவிடும். முதலில் சாப்ஸ், அதை எடுத்து மூடி வைத்துவிட்டு, சட்டியில் நிற்கிற ஆட்டுக்கொழுப்பில் பெரும்பகுதியை வடித்துவிட்டு, மிச்சத்தில் நெருப்புக்கோழி. கொழுப்பே இல்லாத இறைச்சிக்கு ஆட்டின் கொழுப்பு தருகிற ருசி, தனியாக எண்ணெயில் செய்தால் கிடைக்காது.

கடைசியில் அவன் 26 செ.மீ. வார்ப்பிரும்புச் சட்டியே வாங்கினான். 30 செ.மீ. வாங்கட்டுமா என்று கடையிலிருந்து போன் செய்தான். வேண்டாம் என்றேன். அது மூன்றரைக் கிலோ, கண்ணாடி அடுப்பின் வட்டத்தைத் தாண்டி நிற்கும், ஓரம் சூடாகாது. நான்கு சாப்ஸ் ஒரு தடவை, இரண்டு ஸ்டேக் ஒரு தடவை, 26 போதும். கைப்பிடியும் சேர்ந்து கொதிக்கும், ஒரு கனத்த துணியும் சேர்த்து வாங்கிக்கொள் என்றேன்.